ஏப்ரல் மாதத்து ஒப்படைப்பு

பல்கலைக்கழக உளவியல் மையத்தில் வேலை என்று சொன்னால் பாதிப் பேர் “ப்ரொபசரா?” என்கிறார்கள், மீதிப் பேர் “கவுன்சிலிங்கா?” என்கிறார்கள். இரண்டும் சரிதான். சேலத்தில் அப்படியொரு மையத்தில் மாணவர்களை மேற்பார்வை செய்கிறேன். ஊர் மக்களுக்கு ஆலோசனை, எம்.எஸ்சி. பிள்ளைகளுக்குப் பயிற்சி, ஆய்வு மாணவர்களுக்குத் தரவு, மூன்றும் அதே நாலு அறைக்குள்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். 1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கிய மையத்துக்கு முதலில் வந்தவன் எழுத்துக்கூட்டத் தடுமாறிய ஒரு பள்ளிப் பையன். கூட்டிவந்தவர் அவனுடைய டீச்சர். 1949-ல் கொலராடோவின் போல்டர் நகரில் கூடிப் பேசியவர்கள், உளவியலாளருக்கு சிகிச்சையும் கைவர வேண்டும், ஆராய்ச்சியும் கைவர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஆலோசனை, பயிற்சி, ஆய்வு மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். இன்றைக்கு எது விட்டுக்கொடுக்கும் என்று தீர்மானிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொள்வேன்.

சிவதாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். வீட்டிலிருந்தபடி கொலுசு வேலை செய்கிறவர். தூக்கமில்லை, கை ஓடவில்லை என்றார். கூடவே மாமியார். பயிற்சி மாணவி மனச்சோர்வை அளக்கிற பி.எச்.க்யூ-9 படிவத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். எட்டாவது கேள்வி வரைக்கும் சரளமாகப் போனது. ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. மாணவியின் குரல் தானாக இறங்கியது. அந்தப் பெண் மாமியாரை ஒரு தரம் பார்த்துவிட்டு, “அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு” என்றார். பூஜ்யம் விழுந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த நான், “அம்மா, வெளியில நோட்டுல பேர் பதியணும், கொஞ்சம் வாங்க” என்று மாமியாரை எழுப்பிக் கூட்டிப்போனேன். அவர் விலாசம் சொல்லி, பேரன் படிப்பைச் சொல்லி, ஜவ்வரிசி ஆலையில் தான் வேலை பார்த்த காலத்தையும் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே கேள்வி மறுபடி கேட்கப்பட்டிருந்தது. பதில் மாறியிருந்தது. அன்று மத்தியானமே அந்தப் பெண்ணை ஜி.ஹெச். மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். மாணவியும் கூடவே போனாள். நாங்கள் மாத்திரை எழுதுகிறவர்கள் இல்லை. “டாக்டர்னு போர்டு இருக்கு, மாத்திரை குடுக்க மாட்டேங்கறீங்க” என்று திட்டிவிட்டுப் போகிறவர்கள் இன்றும் உண்டு.

சாயங்காலம் மாணவி படிவத்தோடு வந்து நின்றாள். “மேடம், ஆய்வுக்கு முதல்ல சொன்னதைப் போடறதா, ரெண்டாவதையா?” பாடப்புத்தகத்தில் இல்லாத நல்ல கேள்வி. “ரெண்டாவதைப் போடு. முதல்ல சொன்னப்ப பக்கத்துல யாரு இருந்தாங்கன்னும் எழுது” என்றேன். இப்போது எங்கள் படிவத்தில் ‘உடன் இருந்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆய்வுக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஒப்புதல் படிவமும் அப்படித்தான். “கையெழுத்துப் போடலைன்னா பாக்க மாட்டீங்களா?” என்று கேட்காதவர் குறைவு. ஆய்வுக்குச் சம்மதிக்காததால் சிகிச்சை குறையக்கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறையிலேயே இருக்கிறது. ஆனாலும் ஆலோசனை சொல்கிற பிள்ளையே பேனாவை நீட்டினால் மறுக்க யாருக்கு வாய் வரும்? அதனால் கையெழுத்து கேட்பது வேறொருவர், அதுவும் முதல் அமர்வு முடிந்த பிறகு.

ஏற்காட்டில் முகாம் போடுகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் மாணவர்களில் பாதிப் பேர் வாந்தி எடுத்துக் களைத்திருப்பார்கள். ஒரு வருடம் நவம்பருக்குப் பிறகு முகாமுக்குக் கூட்டம் சட்டென்று குறைந்தது. வராமல் போனவர்கள் தேறிவிட்டார்கள் என்று ஓர் ஆய்வு மாணவன் வரைபடமே போட்டுக்கொண்டு வந்தான். காப்பிப் பழம் பறிக்கிற பருவம் அது. எஸ்டேட்டில் கூலி கிடைக்கிற நாளை விட்டுவிட்டு யார் வருவார்? வரைபடத்தை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, முகாமை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம்.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். எனக்கு இன்னும் பிடிபடாதது ஏப்ரல் மாதம்தான். தேர்வு எழுதிவிட்டுப் பிள்ளைகள் போய்விடுவார்கள், மன உளைச்சலுக்கு செமஸ்டர் கிடையாது. இளம்பிள்ளையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தறிக்காரரிடம், ஜூன் மாதத்திலிருந்து வேறொரு தம்பி உங்களைப் பார்ப்பார் என்று சொன்னதும் அவர் கேட்டது: “மறுக்கா முதல்ல இருந்து சொல்லணுங்களா?” அவர் மகனைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்ட மாதங்களை நினைத்தால் அதற்கு என்ன பதில் சொல்வது?

பயிற்சி மையம் என்றால் ஆள் மாறத்தான் செய்யும், மாறாவிட்டால் அது பயிற்சியே இல்லை. அதனால் மாறுகிற விதத்தில் கை வைத்தோம். பிப்ரவரியிலிருந்தே ஜூனியர் மாணவர் ஒருவர் அமர்வில் கூட உட்கார்கிறார், ஆலோசனைக்கு வருகிறவர் சம்மதித்தால் மட்டும். அடுத்த மாணவருக்குக் கொடுக்கிற ஒப்படைப்புக் குறிப்பை, ஆலோசனைக்கு வருகிறவருக்கே வாசித்துக் காட்டுகிறோம். எது போகலாம், எது போகக்கூடாது என்பதை அவர் சொல்கிறார். தறிக்காரர் ஒரு பத்தியை அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டோம். புதுத் தம்பிக்கு அந்த விஷயம் இன்றுவரை தெரியாது. அவராகச் சொன்னால் சொல்லட்டும்.

மே மாதம் மட்டும் இன்னும் ஓட்டையாகவே இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-ஐ எல்லோர் கையிலும் எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். சிலர் கூப்பிடுகிறார்கள். பழகின முகம் வேண்டும் என்கிறவர்கள் ஜூன் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். படிப்பை முடித்த மாணவர்களில் இரண்டு பேருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்து நிறுத்திவைக்கலாம் என்று எழுதிக் கேட்டோம். “லீவுல டிபார்ட்மெண்டே இருக்காது, சென்டர் எதுக்கு?” என்று பதில் வந்தது. இந்த முறை வெறும் கடிதமாக அனுப்பவில்லை. மே மாதத்தில் பூட்டிய கதவு வரைக்கும் வந்து திரும்பிப்போனவர்களின் கணக்கை வாட்ச்மேன் அண்ணனை நோட்டுப் போட்டு எழுதிவைக்கச் சொல்லி, அதையும் சேர்த்து இணைத்திருக்கிறோம்.