பாய்மரப் படகில் காஸ் சிலிண்டர்: எங்கே வைப்பது?

காஸ் மணத்தால் ஜன்னலைத் திற என்று வீட்டில் சொல்லித் தந்ததை நம்பிக்கொண்டு படகில் ஏறாதீர்கள். சமையல் காஸில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ 1.5 மடங்கு கனம், பியூட்டேன் 2 மடங்கு. 2021 கடைசியில் இங்கே இலங்கையில் வீடுகளில் அடுப்புகள் வெடித்தபோது இந்த இரண்டின் கலவை விகிதம்தான் ஊரெல்லாம் பேச்சு. படகுக்காரருக்கு எந்த விகிதமானாலும் ஒன்றுதான், கசிந்தது கீழேதான் போகும். வீட்டிலாவது கதவின் கீழ் இடுக்கு வழியாக வெளியேறும், படகோ தண்ணீரே புகாத சட்டி, அடியில் போய்த் தங்கினால் தங்கியதுதான். காற்றில் சுமார் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றும், படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் சுவிட்ச்சின் ஒரு பொறி போதும்.

பொல்கொட வாவியில் சின்னப் பாய்மரப் படகு வைத்திருக்கும் நண்பன் ஒருவன், கேபினில் இருக்கைக்கு அடியில் 5 கிலோ சிலிண்டரைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறான். "ஆடாது மச்சான்" என்கிறான். ஆடுவதா இப்போது பிரச்சினை?

சிலிண்டருக்குத் தனிப் பெட்டி வேண்டும். கேபின் பக்கம் ஒரு ஊசித் துளைகூட இருக்கக் கூடாது, மூடி மேலே, வெளிப்பக்கமாக மட்டும் திறக்க வேண்டும், பெட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் படகுக்கு வெளியே போக வேண்டும். படகுகளுக்குப் பாதுகாப்புத் தரங்கள் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏபிஒய்சியின் தரப்படி அந்தக் குழாயின் உள்விட்டம் குறைந்தது அரை அங்குலம், வெளிவாய் கேபினுக்குள் திறக்கும் எந்தத் துவாரத்திலிருந்தும் 20 அங்குலமாவது தள்ளி. குழாய் வழி முழுக்கச் சரிவாக இறங்க வேண்டும், நடுவில் தொய்ந்தால் அந்த இடத்தில் தண்ணீர் தேங்கி அடைத்துவிடும், காஸ் திரும்பப் பெட்டிக்குள்தான். காற்றில் படகு சாயும்போதும் வெளிவாய் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள், கட்டி நிறுத்திய படகில் பார்த்து ஏமாறுவது சுலபம். அப்புறம் அந்தப் பெட்டிக்குள் தூண்டில், துணி, கயிறு என்று எதையும் திணிக்காதீர்கள், குழாயின் வாயை மூட ஒரு துவாய் போதும். வெறும் சிலிண்டருக்கும் இதே பெட்டிதான், உள்ளே மிச்சம் இருக்கும். படுக்க வைக்கவும் கூடாது, நேராகவே நிற்க வேண்டும்.

பெட்டிக்குள் ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு அழுத்தமானி போடுங்கள். அடுப்புக் குமிழ்களை மூடி, சிலிண்டரைத் திறந்து, முள் ஏறியதும் சிலிண்டரை மட்டும் மூடிவிட்டுக் காத்திருங்கள். ஏபிஒய்சி கேட்பது 3 நிமிடம், நான் கால் மணி நேரம் விடச் சொல்வேன். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது, சவர்க்கார நுரை பூசித் தேடுங்கள், நெருப்புக்குச்சி வேண்டாம். அமோனியா கலந்த கழுவும் திரவமும் வேண்டாம், பித்தளை இணைப்புகளில் விரிசல் விழுந்துவிடும்.

மின்சாரத்தால் காஸைத் திறந்து மூடும் சொலனாய்ட் வால்வு இருந்தால் நல்லது, மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும். சமையல் முடிந்ததும் முதலில் அதை அணையுங்கள், குழாயில் மிச்சமுள்ள காஸ் எரிந்து தீர்ந்த பிறகு அடுப்பை மூடலாம். காஸ் அலாரம் தாழ்வாகப் பொருத்தினால்தான் உதவும், ஆனால் அதை நம்பிப் பெட்டியை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாலு தடவை சும்மா கத்தினால் யாராவது வயரைப் பிடுங்கிவிடுவார்கள்.

பெட்டிக்கு இடமே இல்லாத படகென்றால், சின்னச் சிலிண்டரைப் பின் கைப்பிடிக் கம்பியில் திறந்த வெளியில் கட்டலாம், கசிவது நேராகக் கடலுக்கோ வாவிக்கோ விழும்படி. நண்பனுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், ஆனால் வெயில் படாமல் ஒரு மறைப்புப் போட வேண்டும், அந்த மறைப்பும் அடியில் திறந்திருக்க வேண்டும்.