21ஆம் திகதி திறக்கிறதாம், எங்களுக்கு அல்ல

இதை எழுதுவது 2021 ஒக்டோபர் நடுப்பகுதியில். கொரோனாவால் மூடிக்கிடக்கும் இலங்கைப் பாடசாலைகளைத் திறக்க இந்த முறை ஓர் எண்ணைத் தந்திருக்கிறார்கள். இருநூறுக்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் ஒக்டோபர் 21ஆம் திகதி திறக்குமாம். செய்தி வந்த இரவே பெற்றார் வட்ஸ்அப் குழுவில் ஒரு தகப்பன், "எங்கள் பாடசாலையில் மொத்தம் எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டிருந்தார். அவருக்குத் தெரியாதா என்ன? கொழும்பில் நாங்கள் முண்டியடித்துப் பிள்ளைகளைச் சேர்க்கிற பாடசாலைகளில் முதல் இரண்டு மூன்று தரங்களிலேயே இருநூறு தாண்டிவிடும். குழுவில் யாரும் பதில் எழுதவில்லை. ஒருவர் மட்டும் கைகூப்பும் படமொன்றைப் போட்டார்.

முண்டியடித்து என்று சும்மா சொல்லவில்லை. மகளைத் தரம் 1இல் சேர்ப்பதற்கு நானும் இவரும் சுமந்து திரிந்த கோப்பு இன்னும் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வாக்காளர் இடாப்புப் பிரதிகள், மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், வாடகை ஒப்பந்தம், கிராம சேவகர் சான்றிதழ். வீட்டுக்குக் கிட்டவாக வேறு பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிப்பார்கள் என்பதால், இவர் கொட்டாஞ்சேனை வரைபடத்தை விரித்துவைத்துத் தூரம் அளந்துகொண்டிருந்தார். நாங்கள் இந்த வீட்டில்தான் வசிக்கிறோம் என்பதை நேர்முகப் பரீட்சையில் ஐயந்திரிபற நிரூபித்தோம். நிரூபித்து முடிந்ததும் பிள்ளை அந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

இந்த ஆண்டு மார்ச் 29ஆம் திகதி, கொழும்பு இருக்கிற மேல் மாகாணத்தில் எல்லாத் தரங்களுக்கும் பாடசாலை திறந்தது. அவளுடைய பாடசாலை வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. கொஞ்ச நாளில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தது. விடுமுறை முடிந்து சில நாள் போனாள். ஏப்ரல் கடைசியில் நாடு முழுவதும் மூடினார்கள். முதலில் அந்தக் கிழமைக்கு மட்டும் என்றார்கள். இப்போது விஜயதசமியும் நேற்றோடு போய்விட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து "பிள்ளையின் உயிரை விடப் படிப்பா பெரிது?" என்று யாராவது கேட்பீர்கள். மூடியதற்காக எனக்குக் கோபம் இல்லை. ஓகஸ்ட் கடைசியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டு ஐயாவும் அந்த மாதத்தில்தான் போனார். மாமிக்குச் சீனி வருத்தம், எனக்கும் பயம் இருக்கிறது. என் கோபம் வேறு. எப்போது, எந்த நிலைமையில் திறப்பார்கள் என்பதை ஒருவரும் முழுதாகச் சொல்வதில்லை. ஒருவர் ஒரு திகதியைச் சொல்கிறார், இரண்டு நாள் கழித்து இன்னொருவர் "சுகாதாரத் தரப்பின் ஆலோசனை கிடைத்த பிறகே" என்கிறார், பிறகு திகதியும் இல்லை, ஆலோசனையும் தெரியவில்லை. "மறு அறிவித்தல் வரை" என்ற சொற்றொடரை நம்பி ஒரு வீடு எப்படி நடக்கும்?

இந்தக் கதை 2020 மார்ச் 13இல் தொடங்கியது. அப்போது புத்தாண்டு முடியத் திறந்துவிடும் என்றார்கள், நாங்களும் நம்பினோம். ஜூலை 6ஆம் திகதி தரம் 5, 11, 13 மாணவர்களை அழைத்தார்கள். கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தில் தொற்று வெடித்ததும் ஜூலை 13இல் திரும்ப மூடினார்கள். என் மகன் அப்போது தரம் 10. அவனுடைய முறை வர ஒரு கிழமை இருந்தது. சட்டையை இஸ்திரி போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தான். ஓகஸ்ட்டில் திறந்து, செப்டெம்பரில் ஓரளவு வழமைக்குத் திரும்பி, ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைத் தொற்றுக் கொத்தணியோடு மறுபடியும் முடிந்தது. பேலியகொடை மீன் சந்தையும் சேர்ந்துகொண்டது. மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டால் என்று பொலிஸ் பிரிவு பிரிவாக எங்கள் பக்கம் முழுவதையும் அடைத்தார்கள்.

அதற்குப் பிறகு கொழும்புப் பிள்ளை என்றால் கடைசி என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. இந்த ஆண்டு ஜனவரி 11இல் மற்ற மாகாணங்களில் பாடசாலை திறந்தபோது மேல் மாகாணத்துக்கு இல்லை. 25ஆம் திகதி தரம் 11க்கு மட்டும் திறந்தது. மற்றவர்கள் மார்ச் வரை காத்திருந்தார்கள். இப்போது இருநூறு என்ற எண். கிராமத்துச் சிறு பாடசாலை முதலில் திறப்பது நியாயம்தான், அங்கே தொலைபேசிக் கோபுரமும் இல்லை, பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறிச் சிக்னல் தேடுவதைச் செய்தியில் பார்த்தோம். ஆனால் எங்கள் பக்கத்தில் கோபுரம் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு பிள்ளையிடமும் கைபேசி இருக்கிறது என்று ஆகிவிடாது.

எங்கள் வீட்டில் இரண்டு கைபேசிகள். ஒன்று இவரோடு புறக்கோட்டைக்குப் போகிறது, துணிக்கடை மொத்த வியாபாரத்தில் தொலைபேசி இல்லாமல் கை ஓடாது. மற்றது என்னுடையது. நான் வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்த மாதங்களில் அது மகனுக்கும் மகளுக்கும் இடையில் அல்லாடியது. ஒக்டோபர் 1ஆம் திகதி முடக்கம் நீங்கியதும் அலுவலகம் என்னைக் கூப்பிட்டுவிட்டது. இப்போது கைபேசியை வீட்டில் விட்டுவிட்டு நான் வெறுங்கையோடு போகிறேன். வீட்டில் ஏதாவது நடந்தால் மாமி அலுவலகத்தின் பொதுத் தொலைபேசிக்கு அழைக்க வேண்டும், அங்கே எடுப்பவர் சிங்களத்தில் பேச, மாமி தமிழில் பேச, யாராவது வந்து என்னைத் தேடிப் பிடிப்பார்கள்.

எல்லாம் இருந்தாலும் பாடம் நடக்க வேண்டுமே. ஜூலை 12ஆம் திகதியிலிருந்து ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியிருக்கிறார்கள். சம்பள முரண்பாடு 24 ஆண்டுகாலப் பிரச்சினை. என் அக்காவே ஆசிரியை என்பதால் அவர்களுடைய சம்பளச் சீட்டை நான் பார்த்திருக்கிறேன், கோரிக்கையில் எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை மாதங்கள் சொந்தக் காசில் டேட்டா போட்டுப் படிப்பித்தவர்கள் அவர்கள். மகளின் வகுப்பாசிரியை இரவு பத்து மணிக்குக் குரல் பதிவு அனுப்புவார், பின்னணியில் அவருடைய குழந்தை அழுவது கேட்கும். ஆனாலும் ஜூலைக்குப் பிறகு அந்த வட்ஸ்அப் குழு அப்படியே கிடக்கிறது. பேச்சுவார்த்தை என்கிறார்கள், தோல்வி என்கிறார்கள், மீண்டும் பேச்சுவார்த்தை என்கிறார்கள். 21ஆம் திகதி கதவு திறக்கிற இடங்களிலும் உள்ளே யார் இருப்பார்கள் என்பது இன்று வரை தெரியவில்லை.

வேலைநிறுத்தம் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது, அது டியூஷன். மகன் தரம் 11 முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவன். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் சூம் வகுப்பு. மாதக் கட்டணத்தை வங்கியில் போட்டு, பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பினால்தான் இணைப்பு வரும். ஒரு மாதம் பணம் பிந்தியதால் விஞ்ஞான வகுப்பின் வாசலில் அவன் காத்துக்கொண்டே இருந்தான், ஆசிரியர் உள்ளே எடுக்கவில்லை. மேல்மாடிப் பையன் சர்வதேசப் பாடசாலையில் படிக்கிறான், அவனுக்குக் காலை எட்டு மணிக்கு மணியடித்தாற்போல வகுப்பு. தொற்று இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். படிப்பு மட்டும் பணத்தைப் பார்த்து மாடியேறுகிறது.

மகனுடைய பரீட்சை எப்போது? வழமையாக டிசெம்பரில் நடப்பது. இவனுக்கு முந்திய தொகுதி 2020 டிசெம்பரில் எழுத வேண்டியதை இந்த ஆண்டு மார்ச்சில் எழுதியது. அதைப் பார்த்துவிட்டு இவன், "அம்மா, திகதி தெரியாத பரீட்சைக்கு எப்படிக் கால அட்டவணை போடுவது?" என்று கேட்கிறான். மேசைக்கு மேலே ஒட்டியிருந்த அட்டவணையைக் கிழித்துவிட்டான். பதினாறு வயதுப் பையன் சோம்பேறியாகிவிட்டான் என்று மாமி சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. ஓடு என்கிறார்கள், முடிவுக்கோடு எங்கே என்று சொல்வதில்லை, எவ்வளவு நேரம் ஓடுவான்?

சின்னவளின் விஷயம் வேறு. அவளுக்குப் பாடசாலை என்றால் சதுரங்களுக்குள் முகங்கள். அப்பம்மா சமையலறையிலிருந்து சத்தம் போட்டால், "அப்பம்மா, மைக்கை நிறுத்துங்கள்" என்கிறாள். நேத்ரா தொலைக்காட்சியில் பாடம் போகும்போது ஆசிரியரிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள். நேற்றுக் காலை சரஸ்வதி படத்துக்கு முன்னால் தன் புத்தகங்களை அடுக்கினாள். அரசாங்கம் தந்த இலவசப் பாடநூல்கள், நான் பிப்ரவரியில் பிரவுண் தாள் உறை போட்டது போட்டபடி. பாடசாலையாக இருந்தால் வாணி விழா, அவல், கடலை, பேச்சு, பாட்டு என்று அமர்க்களப்பட்டிருக்கும். "எங்கள் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையின் பெயர் என்ன அம்மா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

இந்த ஊர்ப் பெற்றார் பயந்தாங்கொள்ளிகள் என்று நினைக்க வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. அதற்குப் பிறகு மே 6ஆம் திகதி மேல் வகுப்புகளைத் திறப்பதாக அறிவித்தார்கள். யாருக்கும் பிள்ளையை அனுப்ப மனம் வரவில்லை. ஆனாலும் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. தகப்பன்மார் முறை போட்டு வாசலில் நின்றார்கள், புத்தகப் பைகளைத் திறந்து பார்த்தார்கள், இவரும் கடைக்குப் பிந்திப்போய்க் காவல் நின்றார். பயம் இருந்தது, வேலையும் இருந்தது. இந்த முறை எங்களுக்குத் தரப்பட்ட ஒரே வேலை செய்தி பார்ப்பது.

பாடசாலை வேன் ஓட்டுகிற தம்பி இப்போது அதே வேனில் தேங்காயும் மரக்கறியும் விற்கிறார். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டார். லீசிங் கட்டணம் நிலுவை என்று சொன்னார். போன கிழமை தேங்காய் வாங்கும்போது, "அக்கா, இருக்கையைத் திரும்பப் பூட்டவா, விடவா?" என்று கேட்டார். இதைக் கல்வி அமைச்சிடம்தான் கேட்க வேண்டும். அமைச்சு இருக்கிற இசுருபாயவுக்கு அவர் தேங்காய் கொண்டுபோவதில்லை.

செப்டெம்பர் 17ஆம் திகதியை நான் மறக்கவில்லை. நாடு முடக்கத்தில் இருந்தது, அன்று மதுக்கடைகள் மட்டும் திறந்தன. தெருவை வளைத்து வரிசை. யார் அனுமதித்தது என்று கேட்டபோது ஒருவர் மற்றவரைக் காட்டினார். முடிவெடுத்தவர் யாரென்றே தெரியாமல் ஒரு கதவை ஒரே நாளில் திறக்க முடிகிறது. பாடசாலைக் கதவுக்கு மட்டும் குழு, உபகுழு, செயலணி, ஆளுநர் மாநாடு.

நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. தொற்று எந்த அளவுக்குக் குறைந்தால் எந்தத் தரம் திறக்கும், எந்த அளவுக்குக் கூடினால் மூடும் என்று ஒரு தாளில் எழுதி மூன்று மொழியிலும் ஒட்டட்டும். ஆசிரியர்களுக்கு ஜூலையிலேயே தடுப்பூசி ஏற்றத் தொடங்கினார்கள், வகுப்பை இரண்டாகப் பிரித்து நாள்விட்டு நாள் அழைக்கலாம், பெரிய பாடசாலைக்குப் பெரிய மைதானமும் இருக்கிறது. இருநூறு என்பது பாடசாலையின் எண்ணிக்கையாக இல்லாமல் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையாக இருந்தால் கொழும்பும் திறக்கலாமே. திகதி தெரிந்தால் நான் மேலாளரிடம் விடுமுறை கேட்கலாம், மாமியை ஊருக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கலாம், வேன்காரத் தம்பி இருக்கையைப் பூட்டலாம். திகதி பிந்தினாலும் பரவாயில்லை. அது திகதியாக இருக்க வேண்டும்.

இப்போது வீட்டில் ஓடும் வாக்குவாதம் சப்பாத்தைப் பற்றியது. மார்ச்சில் வாங்கிய வெள்ளைச் சப்பாத்தில் மகளின் கால் நுழையவில்லை. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் விலைக் கட்டுப்பாட்டை இந்த மாதம்தான் நீக்கினார்கள், மற்றதெல்லாம் தானாகவே ஏறுகிறது. ஜம்பட்டா வீதிக் கடைக்காரர் இவரிடம், "திறக்கிற கிழமை வந்தால் அளவும் இருக்காது, இந்த விலையும் இருக்காது, இப்போதே எடுத்து வையுங்கள்" என்றாராம். இவர் வாங்கிவிடலாம் என்கிறார். அதுவும் அலுமாரிக்குள்ளேயே சின்னதாகிப் போனால் யார் பொறுப்பு? முதலில் திகதியை அறிவிக்கட்டும். அறிவித்த பிறகு ஒரு கிழமை பொறுப்பேன். அதற்குள் இன்னொரு அமைச்சரோ அதிகாரியோ அதை மறுத்துப் பேசாவிட்டால் கடைக்குப் போகிறேன்.