மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங்கும் அம்மா சொன்ன ஒரு வார்த்தையும்

எங்க வீட்டு வண்டி ஏழு சீட் வேன், பெட்ரோல் சிஎன்ஜி ரெண்டுலயும் ஓடும், என்ஜின் முன் சீட்டுக்கு அடியில இருக்கும். அதனால என்ஜின்ல எது நடந்தாலும் முன்னாடி உக்கார்ற அம்மாவுக்குத்தான் முதல்ல தெரியும். பழனி போய்ட்டு கோயம்புத்தூர் திரும்பறப்ப உடுமலை சிக்னல்ல நிக்கிறோம், "சாமி, சீட்டு உதறுது பாரு, காலைல கெளம்பறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, சூடானாத்தான் இப்படிப் பண்ணுது"ன்னாங்க. அந்த கடைசி வார்த்தைய அன்னிக்கே யாராவது கவனிச்சிருந்தா நாலு மாசமும் பணமும் மிச்சம்.

ஓடறப்ப பெருசா தெரியாது, 60ல போனா ஸ்மூத்தா போகும். நின்னா மட்டும் டுக்கு டுக்குன்னு மிஸ்ஸிங். அப்புறம் செக் என்ஜின் லைட் வந்துச்சு. முதல்ல போன ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டாங்க, பி0303ன்னு கோட் வந்துச்சு. அதாவது மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர், எரிபொருள் சரியா எரியல (பி0301ல இருந்து பி0304 வரைக்கும் கடைசி நம்பர்தான் சிலிண்டர், பி0300 வந்தா எந்த சிலிண்டர்னு குறிப்பா சொல்ல முடியல, மாத்தி மாத்தி வருதுன்னு அர்த்தம்). நாலு பிளக்கும் மாத்தினாங்க, ரெண்டு நாள் நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு, திரும்ப வந்துச்சு. பிளக்குக்கு கரண்ட் குடுக்கற காயில் மாத்தினாங்க. எரிபொருள பீச்சற இன்ஜெக்டர் கிளீன் பண்ணாங்க. ஒவ்வொரு தடவையும் பில்லு, ஒவ்வொரு தடவையும் அதே பி0303. கோட் சொல்றது எந்த சிலிண்டர் சரியா எரியலங்கறத மட்டும்தான், ஏன் எரியலங்கறத இல்ல. கிராங்க் சுத்துற வேகம் எந்த எடத்துல தடுமாறுதுன்னு பாத்துத்தான் இசியு (என்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) அத கண்டுபிடிக்குது, அதுக்கு மேல அதுக்குத் தெரியாது.

ஒரு நாள் லைட் விட்டு விட்டு எரிய ஆரம்பிச்சுது. இது ரொம்ப முக்கியம், லைட் பிளிங்க் ஆனா வண்டிய இழுத்துட்டு ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போயி, புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர்ல எரிஞ்சு அத உருக்கிடும், அது மாத்துற செலவு வேற லெவல்.

அப்புறம்தான் சித்தப்பா சொல்லி சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்ன பட்டறைக்கு போனேன். அந்த மெக்கானிக் ஸ்பானர எடுக்கவே இல்ல, முதல்ல கேள்விதான். "ஏனுங்ணா, கேஸ்ல மட்டும் மிஸ் ஆகுதா, பெட்ரோல்லயுமா?" ரெண்டுலயும்னு சொன்னேன். "அப்ப இன்ஜெக்டர விட்ருங்க, பெட்ரோலுக்கு வேற இன்ஜெக்டர், கேஸுக்கு வேற இன்ஜெக்டர், ரெண்டும் ஒண்ணா அதே சிலிண்டர்லயா கெடும்?" எனக்கு தூக்கி வாரி போட்டுச்சு. ரெண்டு எரிபொருள் வண்டி வச்சிருக்கற எல்லாருக்கும் செலவே இல்லாத டெஸ்ட் இது, நாலு மாசமா எங்க யாருக்கும் தோணல. அடுத்து மூணாவது காயில ஒண்ணாவதுல மாட்டி ஓட்டிப் பாத்தார், கோட் மூணுலயேதான் நின்னுச்சு, அப்ப காயிலும் இல்ல. பிளக்கையும் அதே மாதிரி மாத்திப் பாத்தார், இல்ல.

"சூடானாத்தான் உதறுதுன்னு அம்மா சொல்வாங்க"ன்னு அப்பதான் சொன்னேன். அவர் ஒடனே கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள காத்து எவ்ளோ அழுத்தமா அமுங்குதுன்னு அளக்கறது) எடுத்துட்டு வந்துட்டார். என்ஜின் சூடா இருக்கறப்பவே நாலு பிளக்கையும் கழட்டி, ஆக்சிலேட்டர ஃபுல்லா மிதிக்க சொல்லி செல்ஃப் அடிச்சார். மத்த மூணும் 165, 170 பிஎஸ்ஐ கிட்ட. மூணாவது 105. அதுக்குள்ள ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி திரும்ப பாத்தார், ஏறவே இல்ல. பிஸ்டன சுத்தி இருக்கற ரிங் தேஞ்சிருந்தா ஆயில் அந்த சந்த அடைச்சு கம்ப்ரஷன் ஏறியிருக்கும், ஏறலன்னா சந்தேகம் வால்வ் பக்கம் போகுது.

மறுநாள் காலைல என்ஜின் ஆறினதும் மேல் கவர தொறந்தார். மூணாவதோட எக்ஸாஸ்ட் வால்வ்ல (புகைய வெளிய விடற வால்வ்) சந்த அளக்கற ஃபீலர் கேஜோட மெல்லிசு தகடு கூட நுழையல, வால்வுக்கும் அத தள்ற பாகத்துக்கும் நடுவுல இருக்க வேண்டிய கேப்பே இல்ல. கேஸ்ல ரொம்ப ஓடற வண்டில இது நடக்கும்னார், வால்வ் உக்கார்ற சீட்டு கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு வால்வ் மேல ஏறிக்கும், அந்த கேப் (டேப்பட் கேப்) கொறஞ்சுட்டே வரும். சூடானா வால்வ் தண்டு நீளும், கேப் இல்லாததால முழுசா மூடாது, கம்ப்ரஷன் லீக். ஐட்லிங்ல லீக் ஆக நேரம் நெறைய, அதனால உதறும், வேகமா சுத்தறப்ப அவ்ளோ தெரியாது. அம்மா சொன்னது அப்படியே பொருந்துது. அதோட வால்வ் தன் சூட்ட சீட்டுல ஒட்டி உக்காந்துதான் எறக்கும், உக்காராம போனா சீக்கிரமே கருகிடும்.

16 வால்வையும் மேனுவல் அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணார். மூணாவது 105ல இருந்து 150 வந்துச்சு, 170 வரல. கொஞ்சம் கருகியிருக்கலாம்னார், இப்ப ஓட்டுங்க, திரும்ப கொறஞ்சா என்ஜினோட மேல் பாகமான ஹெட்ட எறக்கித்தான் ஆகணும்னு நேராவே சொல்லிட்டார், அந்த நேர்மை எனக்கு பிடிச்சுது. 1,500 கிலோமீட்டர் ஆச்சு, கோட் வரல. நாலு சிலிண்டரோட கம்ப்ரஷனும் ஒவ்வொரு வால்வ் கேப்பும் நோட்டுல எழுதி கிளவ் பாக்ஸ்ல வச்சிருக்கேன், 10,000ல திரும்ப தொறந்து பாக்கணும், இப்போதைக்கு சிக்னல்ல நிக்கறப்பல்லாம் அம்மாவ ஒரு தடவ கேட்டுக்கறேன், "உதறுதா?"ன்னு.