மினி ஹிட்டாச்சிக்கு ஒரு கட்டைவிரல்

எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் ராமநாதபுரம் கடலோரத்தில் அதன் பெயர் ஹிட்டாச்சிதான். மூன்று நான்கு டன் எடை என்றால் மினி ஹிட்டாச்சி. வெறும் பக்கெட்டோடு அதைச் சீமைக்கருவேலங்காட்டுக்குள் இறக்கினால் தூர் கிளம்பி வரும், சந்தேகமில்லை. வந்த தூரை டிரெய்லரில் ஏற்றுவதுதான் பாடு. பக்கெட்டில் பாதி, வெளியே பாதி என்று தொங்கும். பூமை, அதாவது மெஷினின் பெரிய கையைத் திருப்பியதும் சரிந்து விழும். கீழே இரண்டு ஆள் முள்ளோடு மல்லுக்கட்டுவார்கள். மேலோடு வெட்டிவிட்டுப் போகவும் முடியாது, மண்ணுக்குள் இருக்கும் தூரிலிருந்து கருவேலம் மறுபடி தழைத்துவிடும். தோண்டி, கவ்வி, உதறி, மண் போனபின் அடுக்க வேண்டும். மண் ஒட்டிய தூரைக் கரிமூட்டக்காரர் வாங்க யோசிப்பார். இந்தக் கவ்வுகிற, உதறுகிற வேலைக்குத்தான் ஹைட்ராலிக் தம்ப், அதாவது பக்கெட்டுக்கு எதிரே நிற்கும் ஒரு கட்டைவிரல்.

மாதத்துக்கு ஒரு நாள், ஏறக்குறைய ஒரே பருமனுள்ள பனைத்துண்டுகளை நகர்த்தத்தான் என்றால் ஹைட்ராலிக் வேண்டாம். இரும்புப் பின்னைச் செருகி நிறுத்துகிற சாதா விரல் போதும். ஹோஸ் இல்லை, சிலிண்டர் இல்லை, ஒழுகவும் எதுவுமில்லை. தூர், கல், உடைந்த கான்கிரீட் என்று பிடிக்கிற பொருள் மாறிக்கொண்டே இருந்தால்தான் செலவுக்கு அர்த்தம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது மெஷினின் கூடுதல் ஹைட்ராலிக் லைன். நம் ஊரில் பெரும்பாலும் அது கல் உடைக்கும் பிரேக்கருக்காக இழுத்தது. எண்ணெய் ஒரு வழியில் போகும், மறுவழி நேராகத் தொட்டிக்குத் திரும்பும். விரலுக்கு மூடவும் திறக்கவும் இரு வழியிலும் பிரஷர் வேண்டும். சில மெஷின்களில் ஒருவழி, இருவழி மாற்றும் வால்வு இருக்கும். அதைத் திருப்பினால் முடிந்தது. அந்த வால்வு இல்லாத மெஷினில் எல்லாம் பொருத்தியபின் விரல் மூடும், திறக்காது. பொருத்தியவர் சிலிண்டரைச் சந்தேகப்பட்டுக் கழற்றிக்கொண்டிருப்பார்.

சாமான் கணக்கு பெரிதில்லை. விரல், அதைத் தாங்க ஆர்மில் (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவிலுள்ள கையில்) வெல்டு செய்யும் அடித்தகடு, விரலை அசைக்கும் சிலிண்டர் ஒவ்வொன்று. பின் மூன்று: விரலின் அச்சுக்கு ஒன்று, சிலிண்டரின் இரு முனைக்கு இரண்டு. அவை சுழல்வதற்கான உறையான புஷ், கிரீஸ் நிப்பிள். ஹோஸ் இரண்டு, லைனை அடைக்கப் பால் வால்வு இரண்டு, பிரஷர் மிஞ்சினால் திறக்கும் ஒரு இரட்டை ரிலீஃப் வால்வு, எண்ணெய் வேகத்தைக் குறைக்க ஒரு ரெஸ்ட்ரிக்டர், ஹோஸைப் பிடிக்கக் கிளாம்ப்.

வெல்டிங் மெஷினை எடுக்குமுன் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, விரலையும் அடித்தகட்டையும் மட்டும் ஆர்மின் அடிப்பக்கத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். பக்கெட்டை முழுக்கச் சுருட்டி, விரலைக் கையால் தூக்கி வந்து பாருங்கள். விரலின் முனை பக்கெட் பற்களுக்கு இடையில் நுழைந்து சுமார் 50 மி.மீ. தாண்ட வேண்டும். பல்லோடு பல் மோதினால் மெல்லிய பொருள் நிற்காது. அடுத்து விரலை ஆர்மோடு மடக்கி, பக்கெட்டை முழுக்க விரித்தும் சுருட்டியும், ஆர்மை முழுக்க உள்ளே இழுத்தும் பாருங்கள். பூமின் அடியிலோ டோசர் பிளேடிலோ விரல் இடித்தால் தகட்டை நகர்த்த இதுதான் சமயம். பக்கெட் பின்னில் ஆட்டம் இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பக்கவாட்டில் 10 மி.மீ. ஆடும் பக்கெட்டுக்கு ஏற்ப விரலை வைத்தால், புஷ் மாற்றிய மறுநாள் பற்கள் விரலில் ஏறி நிற்கும்.

இடம் முடிவானால் சுண்ணாம்புக்கட்டியால் கோடு, இரண்டு பக்கமும் டேக் (பிடித்து நிறுத்தச் சின்ன வெல்டு), பிறகு சிலிண்டரையும் கோத்து இன்னொரு முறை முழு ஓட்டம். சிலிண்டர் முழுக்க நீளும் முன்பே விரல் பக்கெட்டைத் தொட வேண்டும். முழுக்கச் சுருங்கும்போது விரல் மடங்கியிருக்க வேண்டும்.

வெல்டிங்கில் கடலோரத்துக்கென்று தனிக் கணக்கு உண்டு. தோண்டும்போது இழுவிசை விழுவது ஆர்மின் அடிப்பக்கத்தில்தான். தகடு உட்காரும் இடமும் அதுவே. ஆகவே வெல்டு ஆர்மின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்காக ஓடக்கூடாது. தகட்டின் முனைக்கு 25 மி.மீ. முன்பே நிறுத்திவிடுவது நல்லது. குறுக்கே சுற்றி அடைத்துவிட்டால் பார்க்க அழகாயிருக்கும். ஆர்மில் விரிசல் விழுவதும் அந்தக் கோட்டிலேயேதான். சின்ன மெஷினின் ஆர்ம் தகடு 6 முதல் 8 மி.மீ. இருக்கும், அடித்தகடோ 16 மி.மீ. தடித்தது சூட்டைக் குடித்துவிடும். வைத்த துளித் தண்ணீர் சுரீரென்று பறக்கிற அளவுக்குத் தகட்டைக் காயவைத்துக்கொண்டு, 7018 வெல்டிங் ராடு, 3.15 மி.மீ., டி.சி.யில் ராடு பாசிட்டிவாக, 100 முதல் 130 ஆம்பியருக்குள். 75 மி.மீ. ஒரு பக்கம், அடுத்த 75 மறுபக்கம் என்று மாறி மாறிப் போட்டால் ஆர்ம் வளையாது.

தேவிபட்டினம், மண்டபம் பக்கத்து ஈரக்காற்றில் திறந்து வைத்த 7018 பாக்கெட் ஒரே நாளில் ஈரம் இழுத்துவிடும். அந்த ஈரத்தின் ஹைட்ரஜன் வெல்டுக்குள் இறங்கி, மறுநாள் யாரும் தொடாமலே விரிசல் விடவைக்கும். ராடை 300 முதல் 350 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடேற்றி, சூட்டுக்குழலில் வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெட்டவெளியில் மிக் வெல்டிங் வேண்டாம், வெல்டைக் காக்கும் வாயு பறந்துவிடும். ராடு வெல்டிங்குக்கும் தார்ப்பாய் மறைப்புக் கட்டினால்தான் சூடு மெல்ல ஆறும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவதும், கம்ப்யூட்டர் இருக்கும் மெஷினில் அதன் இணைப்பைப் பிரிப்பதும் பலருக்குத் தெரியும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை டிராக்கில் மாட்டிவிடுவதுதான் தவறுகிற இடம். ஆர்மில் அடிக்கும் கரண்ட் எல்லாப் பின்னையும் புஷ்ஷையும் சிலிண்டரையும் தாண்டிப் போய், ஒவ்வொன்றிலும் பொட்டுப் பொட்டாகச் சுட்டுவைக்கும். எர்த்தை வெல்டுக்குப் பக்கத்தில், அதே ஆர்மில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள். பக்கெட் சிலிண்டரின் ராடை, அதாவது உள்ளும் வெளியும் ஓடும் தண்டை, நனைத்த சாக்கால் சுற்றிவிடுங்கள். அதன் குரோம் பூச்சில் ஒரு பொறி ஒட்டினால் அது சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும்.

இனி ரிலீஃப் வால்வு. இதைத்தான் செலவு மிச்சம் என்று விடுகிறார்கள். விரல் மூடி நிற்கிறது, லிவர் நடுவில் இருக்கிறது என்றால் எண்ணெய் உள்ளே அடைபட்டிருக்கிறது. இப்போது பக்கெட்டைச் சுருட்டினால் பக்கெட் விரலைத் தள்ளும்; பக்கெட்டின் பலம் விரலைவிட எப்போதும் கூடுதல். அடைபட்ட எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லாவிட்டால் சிலிண்டர் ராடு வளையும், இல்லையேல் ஹோஸ் வெடிக்கும், இல்லையேல் வெல்டு பிய்யும். விரலுக்குத் தோற்கத் தெரிந்திருக்க வேண்டும். 63 மி.மீ. குடைவுள்ள சிலிண்டரின் பரப்பு 31 சதுர செ.மீ.; 150 பார் பிரஷரில் அதன் தள்ளுவிசை ஏறக்குறைய 4.7 டன். அதற்கு மேல் வந்தால் வால்வு திறந்து விரல் பின்வாங்க வேண்டும். எத்தனை பார் என்பதை இந்த விரல் செட்டைச் செய்தவர் சொல்லியிருப்பார்; பிடி போதவில்லை என்று அதற்குமேல் திருகுவது ஆர்மை விலைபேசுவது மாதிரி.

இரண்டு லைனுக்கும் இடையில் ரிலீஃப் வால்வைப் போட்டதோடு முடிந்துவிடாது. விரல் பின்வாங்கும்போது சிலிண்டரின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு செ.மீ.க்கு 31 மி.லி. எண்ணெய் வெளியேறும். 35 மி.மீ. ராடு இடத்தை அடைத்திருப்பதால் மறுபக்கம் ஏற்பது 21.5 மி.லி. மட்டுமே. மிச்சம் 9.6 மி.லி. எங்கே போகும்? மெயின் வால்வின் அந்தப் போர்ட்டில் ரிலீஃப் இருந்தால் தொட்டிக்குப் போகும். இல்லையென்றால் இரண்டு பக்கமும் பிரஷர் ஏறி, வால்வு இருந்தும் விரல் இரும்புத்தூணாக நிற்கும். அங்கே தொட்டிக்குத் தனியாக ஒரு லைன் இழுத்தாக வேண்டும்.

ரெஸ்ட்ரிக்டரின் கணக்கு சுலபம். 300 மி.மீ. ஓட்டத்துக்கு இந்தச் சிலிண்டர் குடிப்பது ஒரு லிட்டருக்கும் குறைவு. நிமிடத்துக்கு 50 லிட்டர் வந்தால் ஒரு விநாடியில் பளாரென்று அறையும். 15 லிட்டராகக் குறைத்தால் நான்கு விநாடி, விரல் சொன்னபடி கேட்கும்.

ஹோஸ் இரட்டைக் கம்பிவலை உள்ள 3/8 அங்குலம் போதும். அதன் வேலைப் பிரஷர் 330 பார், வளைவு ஆரம் 130 மி.மீ.க்குக் குறையக்கூடாது. ஃபிட்டிங்கில் நூல் ஏறிவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள். நூல் ஒத்துப்போய்க் கூம்பின் கோணம் ஒத்துப்போகாத இணைப்பு, முறுக்க முறுக்கக் கசியும். பழைய ஃபிட்டிங்கைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதே பத்திரம். கழற்றுமுன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு எல்லா லிவரையும் அசைத்து, தொட்டி மூடியைத் திறந்து பிரஷரை விடுங்கள். திறந்த முனைக்கு உடனே மூடி. இங்கே காற்றிலேயே மணல் பறக்கிறது.

முதல் ஓட்டத்தில் இன்ஜினை மெதுவாக விட்டு, விரலைச் சுமையில்லாமல் பத்து முறை திறந்து மூடினால் காற்று வெளியேறும். தொட்டியில் எண்ணெய் அளவு இறங்கியிருக்கும், நிரப்புங்கள். பிறகு அடிப்பக்க லைனில் கேஜ் மாட்டி, ஒரு பனைத்துண்டைக் கவ்வி, பக்கெட்டை மெல்லச் சுருட்டுங்கள். கேஜின் முள் குறித்த அளவைத் தொட்டதும் விரல் விலக வேண்டும். முள் அதைத் தாண்டி ஏறினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். கசிவை அட்டைத்துண்டால் தேடுங்கள், உங்கள் கைவிரலால் தேடாதீர்கள். மயிரிழைக் கசிவு தோலைத் துளைத்து உள்ளே போனால் வலி பெரிதாகத் தெரியாது; ஆனால் அன்றே அறுவைசிகிச்சை தேவைப்படும் காயம் அது.

பிரேக்கர் மாட்டும் நாளில் விரலை மடக்கி, சங்கிலி போட்டு, பால் வால்வுகளை அடைக்க வேண்டும். அடைத்தபடி பகல் வெயிலில் மெஷினை விடாதீர்கள். சிறைப்பட்ட எண்ணெய் சூட்டில் விரிந்து, கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓரிங்கைப் பிதுக்கிவிடும்.

பக்கெட் அளவுக்கு அடங்குகிற கல்தான் இந்த விரலுக்கு ஆகும். அரை மீட்டர் கனசதுரக் கருங்கல் 330 கிலோ. அதோடு விரலின் எடையும் ஆர்மின் நுனியில் கூடுகிறது என்பதை மறந்தால் மெஷின் முன்னால் கவிழப் பார்க்கும். கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்குக் கொட்டுகிற பெரிய கல்லுக்கு இது ஆகாது. விரல் வந்த செய்தி கரையில் பரவினால், "அண்ணே, படகைச் சும்மா ஒரு பிடி பிடிச்சு மேல வச்சிருங்க" என்று கேட்பார்கள். ஃபைபர் படகைப் பக்கெட்டும் விரலும் கவ்வினால் விளிம்பு நொறுங்கும். பெல்ட் போட்டுத் தூக்கலாம், கவ்வக்கூடாது.

சாயங்காலம் நிறுத்தும்போது விரலை மடக்கியே நிறுத்துங்கள். மடங்கினால் ராடு சிலிண்டருக்குள் போய்விடும்; விரித்து விட்டால் ராவெல்லாம் உப்புக்காற்று குரோமில் படிந்து புள்ளி புள்ளியாக அரிக்கும், அடுத்த மாதம் சீல் ஒழுகும். கழுவுவதற்குப் போர்வெல் தண்ணீரை எடுக்கிறார்கள். இங்கே பல இடத்தில் அதுவே உவர். கழுவியதாகப் பெயர், உப்பைப் பூசியதுதான் மிச்சம். குடிக்கிற தண்ணீரை மெஷினுக்கு ஊற்ற மனசு வராது என்பது நியாயம்தான். ஒரு குடம் போதும், ராடும் பின்னும் ஹோஸ் முனையும் நனைந்தால் சரி. துடைத்து, நிப்பிளில் பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடியுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சதுப்பில் இறங்கிய நாளில் இரண்டு முறை.

முதல் 50 மணி நேரம் முடிந்ததும் தகட்டின் நான்கு முனையையும் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். விரிசல் விழுந்திருந்தால் பெயின்ட்டுக்கு மேல் பழுப்பு நூல் ஒன்று ஓடியிருக்கும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் மாசக்கணக்கில் கண்ணுக்குப் படாத விரிசலை இந்த உப்புக்காற்று ஒரே வாரத்தில் கோடு போட்டுக் காட்டிவிடும். நூல் தெரிந்தால் அதன்மேல் இன்னொரு வெல்டு ஓட்டாமல், கிரைண்டரால் விரிசலின் அடிவரை தோண்டி எடுத்துவிட்டு, வெல்டிங் ராடைச் சூடேற்றப் போடுங்கள்.