செல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

பதினொன்றாம் வகுப்பில் திசுப் பாடத்தை அட்டவணையாகவே உருப்போட்டிருந்தேன். பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா என்று செடித் திசு வகைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். திருப்புதல் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: சைலத்தின் (செடியில் நீரைக் கடத்தும் திசு) உயிருள்ள கூறு எது, புளோயத்தின் (உணவைக் கடத்தும் திசு) உயிரற்ற கூறு எது? இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன்.

விடைத்தாள் கைக்கு வந்த பிறகு படிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். எந்தச் செல்லானாலும், முதிர்ந்த பின் அதற்கு உயிர் இருக்கிறதா, இல்லையென்றால் செத்ததால் செடிக்கு என்ன லாபம் என்று கேட்டுப் பார்த்தேன். சைலக்குழாய் வழியே தண்ணீர் ஏற வேண்டும். உள்ளே புரோட்டோபிளாசம், அதாவது செல்லின் உயிர்ப்பொருள், கிடந்தால் வழி அடைபடும். அதனால் செல் செத்து வெறும் குழாயாகிறது. இலைகள் நீரை மேலே இழுக்கும்போது ஒடுங்கிவிடாதபடி சுவரில் லிக்னின் என்ற கெட்டிப்பொருள் படிகிறது. புளோயத்தின் சல்லடைக்குழாய்க்கு அப்படிச் சாக முடியாது. சர்க்கரையைக் கடத்த உயிருள்ள சவ்வு வேண்டும். ஆனால் உட்கருவை இழந்துவிடுகிறது. பக்கத்திலிருக்கும் துணைச்செல்தான் அதைக் கவனித்துக்கொள்கிறது. இது புரிந்துவிட்டால் சைலத்தில் பாரன்கைமா மட்டும் உயிருள்ளது, புளோயத்தில் நார்கள் மட்டும் உயிரற்றவை என்பது மறக்காது.

தாமரை இலைக்காம்பை ஒடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். சிலந்தி இழைபோல நூல் நீளும். சைலக்குழாய்ச் சுவரின் சுருள் தடிப்புதான் அப்படிப் பிரிந்து வருகிறது. கொய்யாவைக் கடிக்கும்போது விதையைத் தவிர வேறு ஏதோ நறநறக்கிறதே, அவை கல்செல்கள், ஸ்கிளிரன்கைமாவின் ஒரு வகை. தேங்காய்ச் சிரட்டையும் அதே இனம்தான்.

கோலன்கைமாவும் ஸ்கிளிரன்கைமாவும் என்னைப் பாடாய்ப் படுத்தின. இரண்டும் தாங்குதிசு. முன்னதற்கு உயிர் உண்டு, மூலைகளில் செல்லுலோஸும் பெக்டினும் தடித்திருக்கும், இளந்தண்டோடு சேர்ந்து வளையும், வளரும். பின்னதில் லிக்னின் ஏறியிருப்பதால் வளர்ச்சி முடிந்த இடத்துக்கே சரிப்படும். செய்முறைத் தேர்வில் இது நேரடியாக உதவியது. புறத்தோலுக்கு அடியில், லிக்னினைப் பிடித்துக்கொள்ளும் சாஃப்ரனின் சாயம் அடர்சிவப்பாக ஏறி, வாஸ்குலார் கற்றைகள் (சைலமும் புளோயமும் சேர்ந்த கட்டுகள்) சிதறிக் கிடந்தால் மக்காச்சோளத் தண்டு. அங்கே கோலன்கைமா வெளிறித் தெரிந்து, கற்றைகள் வளையமாக இருந்தால் சூரியகாந்தி.

நுண்ணோக்கியில் பார்க்கத் தண்டை வெட்டும்போது, வெட்டுத்துண்டு முழு வட்டமாக வர வேண்டும் என்று பிளேடோடு மல்லுக்கட்டாதீர்கள். மெல்லிய ஓரத் துண்டு போதும். அதை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள். படக்கென்று வைத்தால் காற்றுக்குமிழ் சிக்கும். அதன் விளிம்பு கறுத்துத் தடித்து, வட்டமாக, வெகு அழகாகத் தெரியும். நான் அதைப் படமாக வரைந்து 'சைலக்குழாய்' என்று பெயரும் குறித்திருக்கிறேன். ஆசிரியை ஸ்லைடை விரலால் லேசாகத் தட்டினார். என் சைலக்குழாய் நகர்ந்து போய்விட்டது.