கூத்துக்காரர் சந்திப்பில் பேசியது

காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆடுகிற தேயிலைத் தோட்டத்துக் கலைஞர்கள் கூடினால் பேச்சு தப்பு என்கிற பறைக்கே வந்துவிடுகிறது. இலங்கை மலையகத்து ஹட்டனில் நடந்த சந்திப்பிலும் அதுதான். மாசிப் பனியில் தோல் ஈரமேறித் தளரும், ஓசை மொத்தென்று விழும். அடிப்பவர் பலத்தைக் கூட்டுவார். அதற்கு மேல் கத்திப் பாடுகிறவருக்கு காமன் எரிந்ததும் வரும் ரதி புலம்பலுக்கு முன்பே தொண்டை கட்டிவிடும். காய்ந்த மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) மூட்டி, தப்பைச் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சுங்கள். ஒரே இடத்தில் சூடு பட்டால் தோல் வெடிக்கும். ஆட்டத்தில் இரண்டு தப்பு என்றால் மூன்றாவது தீயருகில் இருக்கட்டும். மைக்கைத் தப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பாட்டு அமுங்கும்.

காமன் கூத்தைக் கம்பம் ஊன்றுவதிலிருந்து காமனை எரிக்கும் தகனம் வரை எல்லா நாளும் ஆட இளம்பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதில்லை. சுருக்குங்கள், ஆனால் ரதியின் ஒப்பாரியில் மட்டும் கைவைக்காதீர்கள்.