வார்டும் வகுப்பும்: யாழ்ப்பாணத்தில் ஒரு பல்கலைக்கழக வைத்திய நிபுணரின் அனுபவம்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பொது வைத்திய நிபுணர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு பகுதியினர் சுகாதார அமைச்சின் ஆட்கள். சம்பளம், இடமாற்றம் எல்லாம் அங்கிருந்துதான். மற்றவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் விரிவுரையாளர்கள். ஆஸ்பத்திரியில் கௌரவ நிபுணர் என்ற பெயரோடு வார்ட் பார்ப்பார்கள். நோயாளிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. நான் இரண்டாவது வகை. நிபுணராவதற்கான எம்.டி. பட்டம் படிக்கிற பிள்ளைகள் "மடம், மினிஸ்ட்ரியா கம்பஸா நல்லது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதை விட ஒருமுறை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பாதை. எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம், பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அது முடிந்தால்தான் இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு கிடைக்கும். அப்புறம் கொஞ்சக் காலம் மருத்துவ அதிகாரியாக எங்காவது வேலை. நிபுணராக வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை எழுத வேண்டும். எல்லோரும் அதை 'பிஜிஐஎம்' என்றே சொல்வார்கள். அதில் தேறினால் ரெஜிஸ்ட்ராராக, அதாவது நிபுணருக்குக் கீழே பயிலும் டொக்டராக, சில வருடப் பயிற்சி, எம்.டி. பரீட்சை, பிறகு சிரேஷ்ட ரெஜிஸ்ட்ரார். அதில் ஒரு பகுதி வெளிநாட்டில். இவ்வளவும் முடிந்த பிறகுதான் 'போர்ட் சர்ட்டிபிகேஷன்' என்ற நிபுணர் அங்கீகாரம். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் வீடு கட்டிப் பிள்ளைகளை ஓ.எல். எழுத வைக்கும் காலத்தில் நாங்கள் இன்னும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்போம்.

பல்கலைக்கழகத்துக்குள் நுழைய இரண்டு வாசல். இறுதிப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தவர்கள் தகுதிகாண் விரிவுரையாளராக முதலிலேயே சேர்ந்து, கல்வி விடுமுறை எடுத்து எம்.டி. செய்யலாம். இல்லையென்றால் என்னைப் போல எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு சிரேஷ்ட விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். முதல் வாசலில் பாதுகாப்பு அதிகம், ஆனால் குறித்த காலத்துக்குள் பட்டப்பின் படிப்பை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும் கூடவே வரும். இரண்டாவது வாசலில் நிற்பவருக்கு அமைச்சின் நியமனமும் கையில் இருக்கும். அதை விட்டுவிட்டு வருவதற்கு வீட்டில் காரணம் சொல்ல வேண்டும்.

என் காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. எங்கள் பீடம் 1978 இல் கைதடி ஆயுர்வேத ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் தொடங்கியது. 1987 ஒக்டோபரில் போதனா வைத்தியசாலைக்குள்ளேயே டொக்டர்மாரும் தாதிமாரும் ஊழியர்களும் நோயாளர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபோது நான் மாணவி. வெளியே போகக்கூடிய தகுதி எல்லாம் இருந்தும் அந்த நாட்களில் இங்கேயே நின்று, ஊரடங்கு நேரம் பார்த்து வகுப்பு வைத்தவர்களிடம்தான் நாங்கள் படித்தோம். அவர்களைப் பார்த்து வளர்ந்ததால் படிப்பிப்பதும் டொக்டர் வேலையில் ஒரு பகுதி என்ற எண்ணம் தானாகவே வந்துவிட்டது.

ரெஜிஸ்ட்ரார் காலம் தெற்கில். முதல் கஷ்டம் மருத்துவம் அல்ல, சிங்களம். "கொஹேத ரிதென்னே", எங்கே நோகுது, என்று கேட்கப் பழகிவிடலாம். நோயாளி பதில் சொல்லத் தொடங்கினால் அது நிற்காது. வலியோடு மருமகள், நெல் விலை, பன்சலை என்ற விகாரை எல்லாம் கலந்து வரும். எம்.டி. பரீட்சையின் 'லோங் கேஸ்' இதில்தான் நிற்கிறது. தெரியாத ஒரு நோயாளியிடம் குறித்த நேரத்துக்குள் முழு வரலாற்றையும் எடுத்து, உடலைப் பரிசோதித்து, பரீட்சகர் முன்னால் கோர்வையாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து போகிற பிள்ளைகளுக்கு என் முதல் புத்திமதி இதுதான்: புத்தகத்தை மூடிவிட்டு வார்ட்டில் இருக்கும் அட்டென்டன்மாரோடு சிங்களத்தில் ஊர்க்கதை கதையுங்கள். எனக்கு மொழி வந்தது அப்படித்தான்.

'ஷோர்ட் கேஸ்' வேறு மாதிரி. "இவரின் நெஞ்சைச் சோதியுங்கள்" என்று ஒரு வரி சொல்வார்கள், அவ்வளவுதான். கை தானாக நகர வேண்டும். யோசித்துச் செய்கிறவரைப் பரீட்சகர் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்.

வெளிநாட்டு வருடம் பற்றி ஆயிரம் கதை சொல்வார்கள். போகும் முன் பிணை ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்து சேவை செய்யாவிட்டால் பணம் கட்ட வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் பிரித்தானியாவுக்குப் போனேன். அங்கே நான் கவனித்த புதினம் மெஷின்கள் அல்ல. ஒரு கன்சல்டன்ட் சுவரோரம் நின்று, பயிற்சி டொக்டர் நோயாளியோடு கதைப்பதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் தனியாகக் கூட்டிப்போய், நன்றாகச் செய்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று, இரண்டை மட்டும் சொன்னார். இப்படி நின்று பார்த்து நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுப் படிவம் எங்கள் பயிற்சிக் கோப்பிலும் இருக்கிறது. நெரிசலான வார்ட்டில் அதைப் பெரும்பாலும் மாத முடிவில் உட்கார்ந்து நிரப்புவோம். நின்று பார்ப்பது குறைவு.

சரி, விண்ணப்பித்து நேர்முகத்தேர்வுக்குப் போனேன். ஒரு சின்ன விரிவுரை செய்து காட்டச் சொன்னார்கள். நியமனம் கிடைத்த பிறகு உயர்கல்விக் கற்பித்தல் பற்றிய சான்றிதழ்க் கற்கை. இதை டொக்டர்மார் தேவையில்லாத சுமை என்று முணுமுணுப்பார்கள். எனக்குப் பிடித்தது. பொறியியல்காரர், தமிழ்த்துறைக்காரர், கிளிநொச்சியிலிருந்து வந்த விவசாய பீடத்துக்காரர் எல்லோரும் ஒரே வகுப்பு. ஒவ்வொருவரும் சின்னப் பாடம் ஒன்று எடுக்க, மற்றவர்கள் மாணவர்களாக இருந்து கருத்துச் சொல்ல வேண்டும். விவசாயக்காரர் வெங்காயத்தின் இலைக்கருகல் நோயை விளக்கிய விதத்தைப் போல இதயச் செயலிழப்பை விளக்கும் ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

வேலை இரண்டு இடத்தில். ஆஸ்பத்திரி பட்டணத்துக்குள், பீடம் ஆடியபாதம் வீதியில். காலை வார்ட், பிறகு கிளினிக், மத்தியானம் விரிவுரை அல்லது கூட்டம். புதிய நோயாளிகளை எங்கள் வார்ட் ஏற்கும் அனுமதி நாள் என்றால் கணக்கே மாறும். கட்டில் முடிந்தால் பாய், பாய் முடிந்தால் கதிரை. மாரி தொடங்கினால் டெங்கு. குருதித் திரவம் கசியும் அந்த ஒன்றிரண்டு நாளும் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாடி, அழுத்தம், சிறுநீர் அளவு எல்லாம் எழுத வேண்டும். சொந்தக்காரர் கேட்பதோ "பிளேட்லட் எவ்வளவு?" மட்டும்தான். பப்பாசி இலைச் சாறு குடுக்கலாமோ என்பது அடுத்த கேள்வி. 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனபோது ஊரே பயந்துபோனது. அந்த நாட்களில் மாணவர்களுக்குத் தனியாகப் பாடம் வைக்க நேரமில்லை. வார்ட்டில் கூட நின்று பார்த்ததுதான் பாடம்.

ரவுண்ட் முடித்து நான் வெளிக்கிடும்போது "பெரிய டொக்டர் எப்ப வருவார், பிள்ளை?" என்று கேட்கும் ஐயாமார் இன்னும் இருக்கிறார்கள். "வந்திட்டுப் போயிட்டார் ஐயா" என்று எங்கள் சிஸ்டர் ஒருநாள் சொல்லிவிட்டார். அவரோடு எனக்கு ஒரு வாரம் கோபம்.

வார்ட்டில் படிப்பிப்பது எப்படி இருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பீடத்துக்கு இப்போது தெற்கிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். தெற்கில் மொழியால் எனக்கு நடந்தது இங்கே அவர்களுக்கு நடக்கிறது. புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், ஒரு கிழமைக்கு மேலாகக் காய்ச்சல், கடும் தலையிடி, டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. சிங்களம் பேசும் தம்பி ஒருவர்தான் அவரைப் பார்த்தவர். உண்ணிக்காய்ச்சலை யோசித்ததாகவும், அதில் பூச்சி கடித்த இடத்தில் வரும் புண் தோலில் இல்லை என்றும் சொன்னார்.

"எங்க பாத்தனீங்கள்?"

"கையில், காலில், முதுகில், மடம்."

"சாரக்கட்டுக்குக் கீழ?"

திரையை இழுத்து, ஐயாவிடம் கேட்டு, சாரத்தைக் கொஞ்சம் தளர்த்தினோம். இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு, சுற்றிவரச் சிவப்பு. உண்ணி வகைச் சிறு பூச்சியின் குஞ்சு கடித்த இடம். அது நோகாது, அதனால் நோயாளிக்கே தெரியாது. "சாரம் இறுக்கின அடையாளம் எண்டு நினைச்சன், பிள்ளை" என்றார் ஐயா. டொக்சிசைக்கிளின் தொடங்கினோம். இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கி, மனுஷன் வெங்காயத்துக்குத் தண்ணி கட்ட வேண்டும், வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டுங்கோ என்று நச்சரிக்கத் தொடங்கிவிட்டார். அந்தத் தம்பி இப்போது யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அக்குளையும் இடுப்பையும்தான் பார்க்கிறார்.

மாணவரை நோயாளி முன்னால் வைத்துக் குடைந்தெடுப்பது எங்கள் காலத்து முறை. அப்படித்தான் படித்தோம், உருப்பட்டோம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பயந்த பிள்ளை தெரியாததைத் தெரியும் என்று சொல்லும். வார்ட்டில் அது ஆபத்து.

பரீட்சை வைப்பது தனி உலகம். ஒவ்வொரு மேசையாகப் போய்க் குறித்த நிமிடத்தில் ஒரு வேலையைச் செய்து காட்டும் ஒஸ்கி முறையை 1975 இல் ஸ்கொட்லாந்தின் டண்டியில் ஹார்டன் என்பவர் அறிமுகப்படுத்தினார். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே புள்ளித்திட்டம் என்பதால் நியாயமானது. ஆனால் பிள்ளைகள் புள்ளித்திட்டத்தையே பாடமாக்கிவிடுகிறார்கள். கை கழுவுவது, பெயர் சொல்வது, அனுமதி கேட்பது எல்லாம் மந்திரம் மாதிரி ஓடும். பொம்மையிடம் "நோகுதா அம்மா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போவார்கள். டொக்டரின் திறமையை மதிப்பிட ஜோர்ஜ் மில்லர் 1990 இல் எழுதிய படிநிலையில், செய்து காட்டுவதற்கு மேலே இன்னொரு படி இருக்கிறது: யாரும் பார்க்காதபோதும் செய்வது. அதற்குப் புள்ளி போட ஒஸ்கியால் முடியாது. அதனால்தான் லோங் கேஸைக் கைவிட வேண்டாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வாதாடுகிறேன்.

பதவி உயர்வு பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சிரேஷ்ட விரிவுரையாளரில் இரண்டு தரம், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படிகள். ஆய்வுக் கட்டுரையை எண்ணலாம். வார்ட்டில் ஒரு பிள்ளைக்கு மண்ணீரலைத் தொட்டு உணரக் காட்டிக் கொடுத்ததை எப்படி எண்ணுவது? கட்டுரை எழுதாமல் நல்ல ஆசிரியராக மட்டும் இருந்தால் அதே படியில்தான் நிற்க வேண்டிவரும். இது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் நிலைமை இதுதான். ஆகவே ஆய்வுக் கேள்வியை வார்ட்டிலிருந்தே எடுங்கள். எங்கள் பக்கத்தில் சுருட்டை விரியன் கடி நிறைய. இங்கே பாவிக்கும் விஷமுறிவு மருந்து இந்தியப் பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்தது. இந்த ஒரு விஷயத்திலேயே கேட்க எத்தனையோ கேள்வி இருக்கிறது. தரவு சேர்க்க முதல் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதைப் பிறகு எடுக்க முடியாது.

பணம், நேரம் இரண்டிலும் மினிஸ்ட்ரி வழி இலகுவானது என்றுதான் நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இடமாற்றம் இல்லை, ஏழு வருடச் சேவைக்குப் பிறகு ஆய்வுக்கென்று ஒரு வருட விடுப்பு உண்டு, எப்போதும் இருபத்திரண்டு வயதுக்காரர் யாராவது "ஏன்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசி விஷயத்தை நன்மையில் சேர்ப்பதா தீமையில் சேர்ப்பதா என்பது ஆளைப் பொறுத்தது.

யோசிக்கிறவர்கள் விண்ணப்பம் போட முதல் ஒரு வேலை செய்யுங்கள். சிரேஷ்ட ரெஜிஸ்ட்ராராக இருக்கும்போதே இறுதி வருட மாணவர் குழு ஒன்றைக் கேட்டு வாங்கி, சில மாதம் கிழமைக்கு ஒரு காலை கட்டிலருகில் படிப்பியுங்கள். இரவு முழுக்க அனுமதி பார்த்துவிட்டு வந்த காலையிலும் அந்தக் குழுவைத் தேடிப் போகத் தோன்றினால் விண்ணப்பத்தைப் போடுங்கள். தோன்றாவிட்டால் அமைச்சின் இடப் பட்டியலைப் பாருங்கள். நல்ல வைத்திய நிபுணர் அங்கேயும் வேண்டும்.